வெள்ளத்துல சேர்ந்த பசங்க டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா? (கடலூர்)

உப்பலவாடிப் பையன் · 7 ஜனவரி 2025, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

ஃபெஞ்சல் புயல் கடந்து போச்சு, மழையும் விட்டுடுச்சுன்னு நிம்மதியா படுத்தவன் நான். செல்லுல சார்ஜ் இல்ல, அதையும் கவனிக்கல. சாத்தனூர் அணையிலேர்ந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வருதுங்கிறது எனக்குத் தெரிஞ்சது, டிசம்பர் 2 விடியறப்ப தென்பெண்ணைத் தண்ணி கட்டில் காலைத் தொட்டப்பதான்.

அன்னியிலேர்ந்து பத்து நாள் நாங்க பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓடினோம். சாப்பாட்டுப் பொட்டலம், பாய், போர்வை, நாப்கின், பால் பவுடர். வாட்ஸப்புல போட்டதும் காசு வந்துச்சு. துபாய்ல இருக்கிற மாமா கூட அனுப்பினார். செலவெல்லாம் போக 41,300 ரூபாய் என் கணக்குல நிக்குது. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, அடுத்தவங்க காசு.

இப்ப பசங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி "டிரஸ்ட் பதிவு பண்ணிடலாம், சி.எஸ்.ஆர். காசு (பெரிய கம்பெனிங்க சமூகப் பணிக்குக் கொடுக்கிறது) வரும், ஊரையே மாத்தலாம்"ங்கிறான். இன்னொரு கட்சி "தொண்டு நிறுவனம்னாலே ஊர்ல திருடன்னுதான் பாப்பாங்க, மீதியை கோயிலுக்குக் கொடுத்துட்டுக் கலைஞ்சுடலாம்"ங்கிறான். இந்த அமைப்புகள் எல்லாம் நிஜமாவே நம்ம மாவட்டத்துல ஏதாவது மாத்தியிருக்கா? சுனாமி வந்தப்ப எனக்கு மூணு வயசு. அதான் கேக்குறேன்.

---

கெடிலக்கரை · 7 ஜனவரி, இரவு 10:15

தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆடிட்டரிடம் 28 வருடம் கணக்கு எழுதியவன் நான். ஒரே புகைப்படத்தை மூன்று நன்கொடையாளர்களுக்கு அனுப்பி, மூன்று பேரிடமும் ஒரே தையல் மெஷினுக்குக் காசு வாங்கிய நிறுவனத்தின் வவுச்சர்களை இந்தக் கையால் ஒட்டியிருக்கிறேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை.

சட்டம் மட்டும் சொல்கிறேன். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளரிடம் பதிவு. சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பதிவு செய்கிற அன்று எல்லோருக்கும் உற்சாகம். மூன்றாம் வருடம் கணக்குக் கொடுக்க ஆள் இருக்காது, அபராதம் ஏறும். நான் பார்த்த இளைஞர் நற்பணி மன்றங்களில் பாதி இப்படித்தான் பெயர்ப்பலகையோடு செத்துப்போயின. 80ஜி, 12ஏ என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் எல்லாம் அதற்கு மேல். முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகமாகத்தான் தருவார்கள்.

சி.எஸ்.ஆர். கனவு வேண்டாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் பன்னிரண்டு பேரைத் தேடி வந்து கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

---

பாகூரான் · 7 ஜனவரி, இரவு 11:02

அக்கரையிலேர்ந்து எழுதறேன். எங்க பக்கமும் அதே ஆத்துத் தண்ணிதான் வந்தது, அதுக்கு மாநில எல்லை தெரியாது.

துபாய் மாமா காசு பத்தி ஒண்ணு. அவர் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்தா அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஆனா எங்க புதுச்சேரியில பாதித் தெருவுல பிரெஞ்சுக் குடியுரிமைக்காரங்க. பக்கத்து வீட்டு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர்) தாத்தா பேரன் பாரிஸ்லேர்ந்து ஏரி வேலைக்கு 200 யூரோ அனுப்பறேன்னான். சொந்தக்காரப் பையனா இருந்தா என்ன, சட்டப்படி அது வெளிநாட்டுக் காசு. எஃப்.சி.ஆர்.ஏ.ங்கிற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம சங்கம் கை நீட்ட முடியாது. பதிவுக்கோ மூணு வருஷம் நடந்த அமைப்பா இருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். வேணாம்டா தம்பின்னு சொல்லிட்டோம்.

---

பழைய ஃபீல்டு · 8 ஜனவரி, காலை 6:20

கெடிலக்கரை சார் சொன்ன அந்த மூணு டோனர் ஃபோட்டோ நிஜம். நானே அந்த மாதிரி ஒரு ஃபோட்டோவுல நிக்கிறேன், என் மடியில யார் வீட்டுக் குழந்தைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா கதை அதோட முடியல சார்.

தம்பி, நான் 2005 பிப்ரவரியில வேலைக்குச் சேர்ந்தேன். 23 வயசு, மாசம் 2,800 சம்பளம், ஒரு சைக்கிள். சுனாமி வந்து ரெண்டு மாசம் கூட ஆகல. நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. தேவனாம்பட்டினத்துலேர்ந்து கிள்ளை வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் துணி மூட்டை. பழைய துணி. மனுஷங்க கட்டிப் போட்ட துணி. மீனவப் பெண்கள் அதை எடுக்கவே இல்ல, "நாங்க பிச்சைக்காரங்களா"ன்னு ஒரு ஆயா கேட்டது இன்னும் காதுல இருக்கு. மாடு மேஞ்சது அதுல.

அப்புறம் வந்தது ஃபைபர் படகு. எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் படகு. ஏன்னா படகுல பேர் எழுதலாம். கட்டுமரத்துல கூலிக்குப் போனவங்களுக்கும் படகு கிடைச்சது, நல்லதுதான், ஆனா படகு கூடினதும் ஏறிப் போக ஆள் பத்தல, சில குப்பத்துல புதுப் படகு மணல்லயே வெயில்ல வெடிச்சு நின்னுச்சு. பக்கத்துலயே தலையில கூடை வச்சு மீன் விக்கிற பொம்பளைக்கு ஒரு அலுமினியக் குண்டான் கொடுக்க எங்க ப்ராஜெக்ட்டுல செலவுத் தலைப்பே இல்ல.

நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியா போச்சு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. ஆம்பளை இருக்கிற வீடுதான் தலைக்கட்டு. புருஷன் சுனாமியில போன வீட்டுக்குப் பாதிப் பங்கு, சில இடத்துல அதுவும் இல்ல. இதைச் சொன்னா ஊருக்குள்ள விடமாட்டாங்கன்னு எங்க ஆபீஸ்லயே வாயை மூடச் சொன்னாங்க. நானும் மூடிக்கிட்டுதான் இருந்தேன்.

நான் ஏதாவது உருப்படியா செஞ்சேன்னா அது பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்புல. கையாலயே தடவி இறால் பிடிப்பாங்க, படகு கிடையாது. படகு இல்லாததால மீனவர் பட்டியல்ல பேர் இல்ல. பட்டியல்ல இல்லாததால நிவாரணம் இல்ல. பழங்குடின்னு சான்றிதழ் வேணும்னா கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டர்தான் தரணும், தாசில்தார் தர முடியாது. அப்பா அம்மாவுக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருந்தா பிள்ளைக்குச் சுலபம். யாருக்குமே இல்லன்னா? விசாரணைக்கு வந்த ஒரு மனுஷர் "இருளர்னா எலி பிடிச்சுக் காட்டு"ன்னார். அந்தப் பையன் ஒன்பதாவது படிக்கிறான், பேண்ட் சட்டையோட நிக்கிறான். அவன் அப்பா வரப்புல குனிஞ்சு வளையைத் தோண்ட ஆரம்பிச்சுட்டார். நான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மூணு வருஷம் ஆச்சு. வாக்காளர் பட்டியல் நகல், பாட்டியோட பழைய கூலி அட்டை, பக்கத்து ஊர்ல சான்றிதழ் வாங்கின சொந்தக்காரங்களோட வம்சப் பட்டியல், எல்லாம் ஒரு பச்சை ஃபைல்ல. ப்ராஜெக்ட் 18 மாசத்துல முடிஞ்சுது, டோனர் கிளம்பிட்டார், என் சம்பளம் நின்னுச்சு. ஃபைல் எங்க வீட்டுப் பரண்ல இருந்தது. மீதி ஒன்றரை வருஷம் சொந்தக் காசுல பஸ் ஏறினேன். கடைசியில வந்துச்சு. இப்ப அந்தப் பையனே மத்தவங்களுக்கு மனு எழுதித் தர்றான். என்னை விட நல்லா எழுதறான், என் எழுத்து கோழி கிளறினது.

எங்க நிறுவனத்தோட ஆண்டறிக்கையில இது ஒரு வரி கூட இல்ல. படகு எட்டுப் பக்கம்.

---

சோனாங்குப்பம் சுறா · 8 ஜனவரி, காலை 8:05

அக்கா, பஞ்சாயத்தை அப்படி ஒரேயடியா சொல்லாதீங்க. அலை வந்த அன்னிக்கு எந்த நிறுவனமும் வரல. பொணம் எடுத்தது யாரு, கணக்கு எடுத்தது யாரு, கல்யாண மண்டபத்துல சோறு ஆக்கினது யாரு? ஊர்ப் பஞ்சாயத்துதான். எல்லாருக்கும் சமமாப் பிரிக்கலைன்னா அன்னிக்கே வெட்டுக்குத்து ஆயிருக்கும். வெளியிலேர்ந்து வந்தவங்க அவங்களுக்குப் பிடிச்ச பத்துப் பேருக்குக் கொடுத்துட்டுப் போயிட்டா, மறுநாள் நாங்க ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கணுமே.

விதவைங்களுக்கு குறைச்சது தப்பு. எங்க அத்தைக்கே நடந்தது. அதுல பேச்சு இல்ல.

---

பழைய ஃபீல்டு · 8 ஜனவரி, காலை 8:31

சரிப்பா, முதல் மூணு நாள் உங்க பஞ்சாயத்து இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும். ஒத்துக்கறேன். அத்தைக்கு அப்புறம் கிடைச்சுதா?

---

சோனாங்குப்பம் சுறா · 8 ஜனவரி, காலை 8:40

மகளிர் குழுவுல கடன் வாங்கி ஐஸ் பெட்டி வாங்கிச்சு. பஞ்சாயத்து கொடுக்கல.

---

வடலூர்க்காரி · 8 ஜனவரி, மதியம் 1:15

குழு பேச்சு வந்ததால் நுழைகிறேன். நான் 2001இலிருந்து குழு ஊக்குநர்.

இங்கே யாரும் சொல்லாதது: தமிழ்நாட்டில் மகளிர் குழு இன்று அரசுத் திட்டம்போல் தெரிகிறது. 1989இல் தர்மபுரியில் சர்வதேச நிதியுதவியோடு அரசு தொடங்கியபோது தெருத் தெருவாகப் போய்ப் பெண்களை உட்கார வைத்தது தொண்டு நிறுவன ஆட்கள். 1992இல் நபார்டு குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது, 97-98இல் அரசின் மகளிர் திட்டம் வந்தது. எங்கள் ஊரில் முதல் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தோம். வாரம் 10 ரூபாய். என் மாமியார் "பத்து ரூபா கொடுத்தா ஒரு நோட்டுல கையெழுத்து வாங்குறாளாம், சொத்தை எழுதி வாங்கப் போறா" என்றார். அந்தத் தீர்மான நோட்டுதான் எங்கள் தெருப் பெண்கள் முதல் முதலாகத் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிய இடம். முதல் வருடம் பக்கம் முழுக்கக் கைநாட்டு நீலம், மூன்றாம் வருடம் ஆங்காங்கே கோணல் எழுத்து. இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது, நிறுவனங்கள் விலகின. எங்கள் குழு நிலைத்தது, பக்கத்துத் தெருக் குழு உடைந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே கணக்கு நோட்டை நிறுவனத்து ஃபீல்டு ஸ்டாஃபே எழுதிக்கொண்டிருந்தார். அவர் போனதும் குழுவுக்குள் கொடுத்த உள்கடன் யார் யாரிடம் எவ்வளவு என்றே யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்தத் தெருவில் வாரக் கடன் வசூலிக்கிறவன் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் உட்கார்கிறான்.

கெடிலக்கரை சாருக்கு: எல்லாமே நன்கொடையாளர் வித்தை இல்லை. எங்கள் ஊர்த் தருமச்சாலையை வள்ளலார் 23.5.1867இல் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அந்த அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. எந்த ப்ராஜெக்ட் முடிவுத் தேதியும் அதற்கு இல்லை.

---

கெடிலக்கரை · 8 ஜனவரி, மாலை 5:50

அம்மா, வள்ளலாரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் என்ன பேச முடியும்! ஆனால் சோறு போடுவது வேறு, நீங்கள் சொல்லும் நோட்டு வேறு. சோறு போட்டவரிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. கணக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களிடம்தான் நாங்கள் ஆடிட்டர் ஆபீஸில் திட்டு வாங்கியிருக்கிறோம், "பேருந்துக் கட்டணத்துக்கு ரசீது எங்கே" என்று கேட்டதற்கு.

இன்னொன்றையும் சேர்க்கிறேன், நியாயத்துக்காக. 2020 எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தத்தில் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றது. திருடர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள். என் கண் முன்னால் வேலை போனது திருடர்களுக்கு இல்லை. 'பழைய ஃபீல்டு' மாதிரி பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு. அவர்கள் சம்பளமும் பஸ் காசும் பெரும்பாலும் நிர்வாகச் செலவுத் தலைப்பில்தான் எழுதப்பட்டிருந்தது. கட்டடம் கட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

---

ஈச்சங்காடு காத்து · 9 ஜனவரி, இரவு 7:30

நோட்டுன்னதும் எங்க கதையைச் சொல்லாம இருக்க முடியல.

சிப்காட் தொழிற்பேட்டை ஓரம் வீடு. எண்பதுகள்லேர்ந்து ரசாயனக் கம்பெனிங்க. ராத்திரி நாத்தம் அடிக்கும், பிள்ளைங்க இருமும், புகார் கொடுத்தா அதிகாரி மறுநாள் மதியம் வருவார். மதியம் காத்து திசை மாறிடும், நாத்தம் எங்க இருக்கும்? "ஒண்ணும் இல்லையே"ன்னு எழுதிட்டுப் போவார்.

சுற்றுச்சூழல் ஆட்கள் வந்தப்ப கம்பெனியை மூடு, கொடி பிடின்னு சொல்லுவாங்கன்னு நெனச்சோம். அவங்க செஞ்சது வேற. "நாத்தம்னு எழுதாதீங்க, எந்த மாதிரி நாத்தம்னு எழுதுங்க"ன்னாங்க. அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோசு, நெயில் பாலிஷ், மலம், எரிஞ்ச பிளாஸ்டிக்கு. மணி என்ன, காத்து எந்தத் திசை, எந்த மதில் ஓரம், கண் எரிஞ்சுதா, தலை சுத்துச்சா. கிராமத்துப் பசங்க, பொம்பளைங்க எல்லாரும் எழுதினோம். சிப்காட் பகுதி சமுதாய சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்னு பேர் வச்சோம். ஒரு மாசத்து நோட்டைப் புரட்டினா எந்த நாத்தம் எந்த மூலையிலேர்ந்து எத்தனை மணிக்கு வருதுன்னு தானா தெரிஞ்சுது.

அடுத்தது வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளிதான், மூடி காத்துப் புகாத மாதிரி இருக்கும். உள்ள ஒரு பிரத்யேகப் பை. வாளிக்குள்ள இருக்கிற காத்தைச் சின்ன பம்ப் வச்சு உறிஞ்சினா, வெளிக் காத்து குழாய் வழியா பைக்குள்ள ஊதிக்கும். பாக்க சிரிப்பா இருக்கும். பையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. 2004ல அறிக்கை வந்துச்சு, ஹைட்ரஜன் சல்பைடும் இன்னும் பல விஷமும் பட்டியல் போட்டு. அதுக்கப்புறம்தான் "ஒண்ணும் இல்லையே"ன்னு எழுத முடியல. உச்ச நீதிமன்றம் போட்ட கண்காணிப்புக் குழு வரைக்கும் இங்க வந்து பார்த்துச்சு.

நாத்தம் போச்சான்னு கேக்காதீங்க. குறைஞ்சுது, திரும்ப வருது, குறையுது. ஆனா இப்ப எங்க ஊர்ல யாரும் "நாத்தம் அடிக்குது சார்"னு புகார் சொல்றதில்ல. "நேத்து ராத்திரி 11:20, வடகிழக்கு மூலை, முட்டைக்கோசு"ன்னுதான் சொல்வாங்க. ஆபீசருக்கு அது ரொம்ப சங்கடம்.

---

பாகூரான் · 9 ஜனவரி, இரவு 9:12

அடடா. முட்டைக்கோசு நோட்டு அருமை.

எங்க ஏரிக் கதையும் கிட்டத்தட்ட அதே. புதுச்சேரியில 84 ஏரி. 1999ல ஐரோப்பிய நிதியில சீரமைப்பு வந்துச்சு, ஏரிக்கு ஒரு பயனாளர் சங்கம். நிலம் இருக்கிறவங்க மட்டுமில்ல, மாடு மேய்க்கிறவங்க, பெண்கள், நிலமில்லாதவங்களும் உள்ளே. காசு இருந்த வரைக்கும் கூட்டம் களைகட்டும், டீ, பஜ்ஜி. திட்டம் முடிஞ்சதும் எங்க சங்கத்துல நாலு கிழவங்க மட்டும். அதுல ஒருத்தர் மட்டும் மதகுச் சாவியைக் கையில வச்சுக்கிட்டார். சாவி இருந்ததால சங்கம் இருக்கு. இல்லாட்டி அதுவும் போயிருக்கும்.

ஆனா தம்பி, உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, மறந்துடாதீங்க. கிராம சபை. எங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் 1968க்கு அப்புறம் 2006லதான் நடந்தது. 2011ல அதுவும் முடிஞ்சுது, இன்னி வரைக்கும் அடுத்தது இல்ல. கொம்யூன் பஞ்சாயத்துல அதிகாரிதான் எல்லாம். பொதுக் காரியம் கேக்க மேடையே இல்ல. அதனால எங்க பக்கம் ஒரு சங்கம், ஒரு இயக்கம் இல்லன்னா குரலே கிடையாது.

---

உப்பலவாடிப் பையன் · 9 ஜனவரி, இரவு 10:30

அண்ணா, எங்களுக்கும் இப்ப அதே நிலைமைதான். 27 மாவட்டத்துல ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் 5ஆம் தேதியோட முடிஞ்சுது. கடலூரும் அதுல ஒண்ணு. தனி அலுவலர்தான்.

---

பாகூரான் · 9 ஜனவரி, இரவு 10:34

தலைவர்தான் போனார், கிராம சபை போகலையே. 26ஆம் தேதி கூடும் இல்ல? போங்க. பன்னிரண்டு பேரும் போங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தீர்மானம் என்னன்னு படிங்க. வெத்துத்தாள்ல போடாதீங்க.

---

பழைய ஃபீல்டு · 10 ஜனவரி, காலை 6:45

தம்பி, ஒரு கேள்வி. வெள்ள நிவாரணம் 2,000 ரூபாய் உங்க தெருவுல எல்லாருக்கும் கிடைச்சுதா?

---

உப்பலவாடிப் பையன் · 10 ஜனவரி, காலை 7:10

இல்லக்கா. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ரேஷன் கார்டு வேற ஊர் அட்ரஸ்ல. அவங்களுக்குக் கிடைக்கல. எத்தனை பேர்னு சரியா தெரியாது. நிறைய.

---

பழைய ஃபீல்டு · 10 ஜனவரி, காலை 7:14

"நிறைய"ன்னா ஆபீஸ்ல என்ன எழுதுவாங்க தெரியுமா? ஒண்ணும் எழுத மாட்டாங்க. டிரஸ்ட் அப்புறம். முதல்ல வீடு வீடா போய் எண்ணுங்க.

---

மட்டுறுத்துநர் · 12 ஜனவரி

கட்சி சார்ந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. அணை திறப்பு யார் தவறு என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடவும்.

---

உப்பலவாடிப் பையன் · 27 ஜனவரி, இரவு 8:20

ரெண்டு வாரமா எழுத முடியல. பொங்கல், அப்புறம் கணக்கெடுப்பு.

எண்ணினோம். மூணு தெரு மட்டும். நிவாரணம் கிடைக்காத வாடகைக் குடும்பம் 19. தனியா இருக்கிற வயசானவங்க 7 பேர், அதுல ரெண்டு பேரால எழுந்து நடக்க முடியாது. அவங்க ரெண்டு பேரும் டிசம்பர் 2 அன்னிக்கு எப்படி வெளிய வந்தாங்கன்னு கேட்டேன். ஒருத்தரை யாரோ கதவைப் பேத்து அதுல படுக்க வச்சுத் தூக்கியிருக்காங்க. யாருன்னு அவருக்கும் தெரியல. எங்க குரூப்ல ஒருத்தனும் இல்ல. நாங்க அன்னிக்கு மெயின் ரோட்டுல பொட்டலம் வாங்க நின்னோம்.

நேத்து கிராம சபைக்குப் போனோம். பன்னிரண்டுல ஒன்பது பேர். எழுதிக் கொண்டு போனதை வாசிச்சோம். 19 குடும்பப் பேர் பட்டியல், ஆத்துக் கரை உடைஞ்ச இடம் ரெண்டு, எங்க தெரு வடிகால் அடைப்பு. பின்னாடி ஒருத்தர் "நீங்க எந்த அமைப்பு"ன்னு கேட்டார். "இந்த ஊர்தான்"னு எங்க சித்தி சொல்லிட்டாங்க. தீர்மான நோட்டுல ஏறிடுச்சு, நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கோம். 19 குடும்பத்துக்கு உத்தரவாதம் எதுவும் சொல்லல, மேலிடத்துக்கு அனுப்பறோம்னாங்க.

டிரஸ்ட் பதிவு இப்போதைக்கு இல்ல. ரெண்டு பேருக்கு அதுல கோபம், ஒருத்தன் குரூப்பை விட்டே போயிட்டான். வரவு, செலவு, மீதி 41,300 எல்லாம் முழுசா டைப் பண்ணி டீக்கடையில ஒட்டினோம். ஒரு போர்வைக் கணக்குல 600 ரூபாய் இடிச்சது. நான்தான் ரெண்டு தடவை எழுதியிருந்தேன்.

மீதியில ரெண்டு நல்ல கயிறு, நாலு லாரி டியூப், டார்ச் வாங்கலாம்னு இருக்கோம். சுறா அண்ணா, நைலான் கயிறு எத்தனை எம்.எம். நல்லது?

---

சோனாங்குப்பம் சுறா · 27 ஜனவரி, இரவு 8:52

ஆளை இழுக்கன்னா 12 எம்.எம்.க்குக் கீழ போகாத, மெல்லிசா இருந்தா கையை அறுத்துடும். துறைமுகத்துல தெரிஞ்ச கடை இருக்கு, ஞாயித்துக்கிழமை வா. டியூப்பை வெயில்ல போடாத, எலி கடிக்காத இடத்துல தொங்க விடு. அந்த ரெண்டு பேர் வீடு எதுன்னு ராத்திரி இருட்டுலயும் கண்டுபிடிக்கிற மாதிரி சுவத்துல வெள்ளை அடிச்சு வை.

---

கெடிலக்கரை · 27 ஜனவரி, இரவு 9:30

அந்த 600 ரூபாயை எழுதியது நன்று. நோட்டில் அடித்துத் திருத்தாதே, அடுத்த வரியில் திருத்தப் பதிவு போட்டுக் கையெழுத்திடு. சனிக்கிழமை மதியம் வீட்டில்தான் இருப்பேன், நோட்டை எடுத்துக்கொண்டு வா.